துறை 287 நாள் தாமதம், நான் 126 நாள் தாமதம்

2023 ஆகஸ்ட் 5, சனிக்கிழமை மதியம். சாக்கிநாக்காவில் என் கணவர் பட்டறை வைத்திருந்த தொழிற்பேட்டையின் வாட்ச்மேன் போன் செய்தார். சார் பேருக்கு இன்று காலையில் தடிமனாக ஒரு கவர் வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருக்கிறேன் என்றார். சார் இறந்து அப்போது மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. செம்பூரிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய் வாங்கிப் பிரித்தேன். வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் நோட்டீஸ். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் அவர் பெயர். பூட்டிக் கிடந்த பட்டறை வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முடிந்துபோனது என்று நான் நிம்மதியாக இருந்த வழக்கு அது.

வழக்கின் கதை இதுதான். அவர் இரும்புத் தகடும் குழாயும் வாங்கி ஃபேப்ரிகேஷன் வேலை செய்து கொடுப்பவர். 2010-11 நிதியாண்டில் அவருக்குச் சரக்கு கொடுத்தவர்களில் சிலர், சரக்கே இல்லாமல் பில் மட்டும் போட்டுக் கொடுப்பவர்கள் என்று மாநில விற்பனை வரித் துறை வெளியிட்ட பட்டியலில் வந்தார்கள். மும்பையில் எத்தனையோ சிறு வியாபாரிகளுக்கு இது நடந்தது. அதை வைத்து வருமான வரித் துறை பழைய கணக்கைத் திரும்பத் திறந்து, 2016 டிசம்பரில் 1 கோடியே 90 லட்சம் ரூபாய் கொள்முதல் முழுவதையும் வருமானமாகச் சேர்த்து உத்தரவு போட்டார்கள். வரி 58 லட்சத்து 71 ஆயிரம். மாதத்துக்கு ஒரு சதவீதம் வட்டியும் ஏறி 99 லட்சத்தைத் தாண்டியது. அப்பீல் முடியும்வரை வசூலை நிறுத்தி வைக்க வேண்டுமானால் 15 சதவீதம் கட்ட வேண்டும் என்பது அப்போதைய நடைமுறை. 2017 ஜூலை கடைசியில் அது 20 சதவீதமானது. என் நகையை அடகு வைத்து, அவருடைய அண்ணனிடம் கைமாற்று வாங்கி, 14 லட்சத்து 90 ஆயிரம் வரை கட்டினோம். 2019 டிசம்பரில் மாரடைப்பில் அவர் போய்விட்டார். நான் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறவள். வரி விவகாரம் எதுவும் எனக்குத் தெரியாது. சட்டப்படியான வாரிசு என்று வருமான வரி இணையப் போர்ட்டலில் பதிவு செய்து, அவர் வைத்திருந்த லாரி ரசீது, ஸ்டாக் புத்தகம் எல்லாவற்றையும் இரவு இரவாக ஸ்கேன் செய்து ஏற்றினேன். 2022 ஜூன் 24 அன்று முதல் கட்ட அப்பீலை விசாரிக்கும் கமிஷனர் அப்பீல்ஸின் உத்தரவு வந்தது. சரக்கு வந்து விற்றும் இருக்கிறது, ஆகவே அதில் ஒளிந்திருக்கக்கூடிய லாபமாக 12.5 சதவீதம் மட்டும் சேர்த்தால் போதும் என்று முடிவு. வரியும் வட்டியும் சேர்ந்து 12 லட்சத்து 40 ஆயிரம் அளவில் நின்றது. நாங்கள் கட்டியது அதைவிட அதிகம். அந்த 12.5 சதவீதமும் அநியாயம் என்றே எனக்குப் பட்டது. ஆனாலும் மேலே போகவில்லை. இத்தோடு விட்டால் போதும் என்று இருந்தேன்.

இப்போது அந்த உத்தரவை எதிர்த்து வருமான வரித் துறை தீர்ப்பாயத்துக்குப் போயிருந்தது. இந்த மாதிரி நோட்டீஸ் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது வரித் தொகையை. துறை எல்லா வழக்கையும் தீர்ப்பாயத்துக்கு எடுத்துப் போக முடியாது. வட்டியைச் சேர்க்காமல், சர்ச்சையில் உள்ள வரி மட்டும் ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும். 2019 ஆகஸ்ட் முதல் அந்த வரம்பு 50 லட்சம். 2024 செப்டம்பரில் 60 லட்சமாக்கினார்கள். எங்கள் வழக்கில் சர்ச்சையில் இருந்த வரி 51 லட்சத்து 37 ஆயிரம். ஒன்றரை லட்சத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் மாட்டிக்கொண்டோம். வரம்புக்குக் கீழே இருந்தாலும் விதிவிலக்குப் பட்டியல் ஒன்று உண்டு. 2024 மார்ச் சுற்றறிக்கையில், வெறும் பில் கொடுத்து வாங்கும் வகை வழக்குகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் தொகையைப் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம், விதிவிலக்கையும் சேர்த்துப் படியுங்கள்.

திங்கட்கிழமை வழக்குக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் பழைய ஆடிட்டரிடம் போனேன். அவர் தேதிகளைப் பார்த்தார். கமிஷனர் உத்தரவு 2022 ஜூன். துறை அப்பீல் போட்டது 2023 ஜூன் 6. அறுபது நாளுக்குள் போட வேண்டியது. "ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா, இவ்வளவு லேட்டான அப்பீல் நிக்காது. முதல் வாய்தாவிலேயே தள்ளிடுவாங்க. நீங்க எதுவும் செய்ய வேண்டாம்" என்றார். நான் அதை நம்பினேன், நம்பத்தான் விரும்பினேன். கட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

அந்த நோட்டீஸ் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. துறை அப்பீல் போட்டால், எதிர்த்தரப்பில் இருப்பவர் தனக்குப் பாதகமான பகுதியை எதிர்த்து கிராஸ் அப்ஜெக்ஷன் போடலாம். தானாக அப்பீல் போடாமல் விட்டவருக்கும் அந்த உரிமை உண்டு. அப்போது அதற்குப் படிவம் 36ஏ, கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். அந்த 12.5 சதவீதத்தையும், கணக்கைத் திரும்பத் திறந்ததே செல்லுமா என்பதையும் நான் கேட்டிருக்கலாம். செப்டம்பர் 4 அன்று கெடு முடிந்தது. அன்று நான் பள்ளியில் ஆசிரியர் தின விழாவுக்குப் பிள்ளைகளைப் பாட்டுக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். கெடு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

அந்த நாட்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்த பயம் வேறு. தோற்றால் என் சம்பளத்தையும் பி.எஃப். பணத்தையும் பிடித்துவிடுவார்களோ என்று. யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்தது. மகளிடம்கூடச் சொல்லவில்லை. சட்டத்தில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது: இறந்தவரின் வரிக்கு வாரிசு பொறுப்பாவது, அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான். இந்த ஒரு வரியை யாராவது அன்றே சொல்லியிருந்தால் இரண்டு மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் அப்பீல் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம் என்று சக ஆசிரியை ஒருவரின் தம்பி சொல்லித்தான் தெரியும். பார்த்தால் அக்டோபர் 11 விசாரணை. அந்த நோட்டீஸ் எனக்கு வரவேயில்லை. துறை கொடுத்த முகவரி மூடிக் கிடந்த பட்டறையுடையது. நான் போகாமல் இருந்திருந்தால் எதிர்த்தரப்பு இல்லாமலே விசாரித்து முடிக்க விதியில் இடம் இருக்கிறது. ஆடிட்டர் ஊரில் இல்லை. நானே போனேன். செம்பூரில் ஹார்பர் ரயில் பிடித்து சிஎஸ்எம்டியில் இறங்கி, அங்கிருந்து மகரிஷி கார்வே சாலையில் பிரதிஷ்டா பவன் வரை நடந்தேன். 1941-இல் தொடங்கிய தீர்ப்பாயம், நாட்டிலேயே பழைய தீர்ப்பாயம் என்று பின்னால் வக்கீல் சொன்னார். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்புக் கோட்டுக் கூட்டமும் என் கை நடுக்கமும்தான். பெயர் கூப்பிட்டதும் எழுந்து, நான் அவர் மனைவி, வக்கீல் வைக்க அவகாசம் வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். உறுப்பினர்கள் இருவரும் மரியாதையாகவே கேட்டார்கள். வாய்தா கிடைத்தது. வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுதேன். அப்புறம் தீர்ப்பாயத்தின் அலுவலகமான ரெஜிஸ்ட்ரிக்குப் போய், இனி நோட்டீஸ் என் வீட்டு முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நீங்கள் இதை முதல் நாளே செய்யுங்கள்.

நவம்பரில் ஒரு வக்கீல் அம்மாவைப் பிடித்தேன். மாட்டுங்காவில் ஆபீஸ், தமிழ் பேசுகிறவர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சர் என்பார். கட்டைப் புரட்டிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "தாமதத்துக்கு அவங்க கொடுத்த மனு எங்க டீச்சர்?" அப்படி ஒன்று இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. தாமதமாகப் போட்ட அப்பீல் தானாக விழாது. போதுமான காரணம் இருந்தது என்று தீர்ப்பாயம் திருப்தி அடைந்தால் தாமதத்தை மன்னித்து ஏற்றுக்கொள்ள அதற்கு அதிகாரம் இருக்கிறது. அரசாங்க அப்பீல்கள் எத்தனையோ அப்படி ஏற்கப்பட்டிருக்கின்றன. ஆக, சண்டை நாள் கணக்கில் முடிந்துவிடாது, காரணத்தில்தான் நடக்கும். ஆனால் காரணத்தை உடைக்கவும் நாள் கணக்குத்தான் ஆயுதம். மேடம் எதிர்த்தரப்பிடம் கேட்டு அந்த மனுவின் நகலை வாங்கினார். ஒன்றரைப் பக்கம். என்னிடம் நீட்டி, "நீங்க கணக்கு டீச்சர்தானே, தேதி எல்லாத்தையும் வரிசையா எழுதுங்க" என்றார்.

அந்த ராத்திரி பழைய காலண்டர்களை விரித்து வைத்துக்கொண்டு எண்ணினேன். துறையின் அப்பீல் படிவமான படிவம் 36-இல், உத்தரவு துறைக்குக் கிடைத்த தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 2022 செப்டம்பர் 30 என்று போட்டிருந்தார்கள். அதை வைத்துத் தாமதம் 189 நாள் என்றது மனு. ஆனால் எனக்கு அந்த உத்தரவு போர்ட்டலிலும் மின்னஞ்சலிலும் ஜூன் 24 அன்றே வந்துவிட்டது. அதிகாரியை நேரில் பார்க்காமல் எல்லாம் இணையம் வழியே நடக்கும் முகம் காணாத முறையில் போடப்பட்ட உத்தரவு, துறையின் சொந்தக் கணினி அமைப்பிலேயே பதிவாகிற உத்தரவு, எனக்குக் கிடைத்த அன்று அவர்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்காமல் போகும்? ஜூன் 24-இலிருந்து அறுபது நாள் என்றால் கெடு ஆகஸ்ட் 23. அங்கிருந்து 2023 ஜூன் 6 வரை எண்ணினால் 287 நாள். 98 நாளை அவர்கள் விட்டுவிட்டே மனு போட்டிருந்தார்கள். உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் அந்தக் கட்டத்தில் உள்ள தேதியை உங்கள் மின்னஞ்சல் தேதியோடு ஒப்பிடுங்கள். கெடு விதி இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், உத்தரவு கிடைத்த மாதம் முடிந்து இரண்டு மாதம் என்று எண்ண வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் மாறுகின்றன. அதனால்தான் எண்களை இங்கே அதிகம் சொல்லவில்லை.

அடுத்தது, உள்ளே இருக்கிற படிகள். துறை அப்பீல் போடுவதென்றால் மதிப்பீட்டு அதிகாரி தன் குறிப்பை மேலே அனுப்புவார், முதன்மை ஆணையரோ ஆணையரோ அப்பீல் போடும்படி உத்தரவிட வேண்டும், பிறகுதான் தாக்கல். மனுவிலேயே தேதிகள் இருந்தன. அதிகாரியின் குறிப்பு 2023 ஜனவரி 10. ஆணையர் கையெழுத்து மார்ச் 20. தாக்கல் ஜூன் 6. செப்டம்பர் 30 என்ற அவர்கள் தேதியையே எடுத்துக்கொண்டாலும் முதல் படிக்கு 102 நாள், இரண்டாம் படிக்கு 69 நாள், கையெழுத்து ஆன பிறகு தாக்கலுக்கு மட்டும் 78 நாள். அவர்கள் சொல்லும் தேதிப்படியே கெடு நவம்பர் 29-இல் முடிகிறது; முதல் குறிப்பே அதற்குப் பிறகுதான் எழுதப்பட்டிருக்கிறது. இதைச் சொன்னதும் மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கெடு முடிவதற்கு முன்னால் தோன்றிய காரணம்தான் காரணம், கெடு முடிந்த பிறகு நடந்ததைச் சொல்லிப் பயனில்லை என்று உச்ச நீதிமன்றம் 1981-இலேயே, அஜித் சிங் தாக்கூர் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறதாம். கெடுவுக்குள் என்ன நடந்தது என்று மனுவில் ஒரு வார்த்தை இல்லை.

காரணம் என்று அதில் இருந்தது மூன்று வரி. வேலைப் பளு, பணியிட மாறுதல், அப்புறம் கொரோனா. அந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கொரோனா காலத்துக்காக உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து கெடுக் கணக்கிலிருந்து விலக்கிக் கொடுத்த காலம் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை. எங்கள் உத்தரவு வந்ததே அதற்கு நான்கு மாதம் கழித்து. வேறு ஏதோ மனுவுக்கு எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த மூன்று வரியில் தொங்கிக்கொண்டிருந்தது எங்கள் வீடு. நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம்கூட இப்படி ஒரு விடையை ஏற்கமாட்டேன். உங்கள் வழக்கின் மனுவையும் இந்தக் கண்ணோடு படியுங்கள்: சொல்லியிருக்கும் காரணம் அந்தத் தேதிகளுக்குப் பொருந்துகிறதா, உங்கள் வழக்கைப் பற்றித்தான் பேசுகிறதா என்று. இன்னொன்று, கட்டில் இல்லாத விஷயத்தைச் சொல்வதானால் பிரமாணப் பத்திரத்தோடு சொல்ல வேண்டும் என்று தீர்ப்பாய விதிகளில் 10-ஆவது விதி இருக்கிறது. எங்கள் வழக்கில் துறை கொடுத்த மனுவில் கையெழுத்து இருந்தது, பிரமாணப் பத்திரம் இல்லை.

நான் ரொம்ப நம்பிய ஓர் ஆட்சேபம் எடுபடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இறந்தவர் பெயரில் அப்பீல் போட்டிருக்கிறார்கள், கமிஷனர் உத்தரவில் வாரிசாக என் பெயர் இருந்தும்கூட. இது ஒன்றே போதும் தள்ளுபடி செய்ய என்று நினைத்தேன். மேடம் ஆரம்பத்திலேயே தலையாட்டினார். அது திருத்தக்கூடிய குறை, வாரிசின் பெயரைச் சேர்த்துத் திருத்திய படிவம் கொடுக்க அனுமதி கொடுத்துவிடுவார்கள் என்றார். அப்படியேதான் நடந்தது. ஆட்சேபங்களைப் பத்தாக அடுக்கினால் பலம் என்று நாம் நினைக்கிறோம். சரிசெய்யக்கூடிய குறைகளை முன்னால் வைத்தால், சரிசெய்ய முடியாத அந்த ஒன்று கூட்டத்தில் மறைந்துபோகும். தேதிகளை மட்டும் முன்னால் வைத்து, இரண்டு பக்கத்தில் எழுத்துமூலமாகக் கொடுத்தோம். என் மின்னஞ்சலின் அச்சுப்படியும் போர்ட்டல் பக்கமும் பின்னிணைப்பு.

இனி என் தாமதம். கிராஸ் அப்ஜெக்ஷனைப் பற்றி மேடம் சொன்ன அன்று எனக்குப் பேச்சே வரவில்லை. ஆவணங்களைத் தேடி, தயாரித்து, 2024 ஜனவரி 8 அன்று போட்டோம். 126 நாள் தாமதம். நாங்களும் மன்னிப்பு மனு போட வேண்டும். காரணம் என்ன? எதுவும் செய்ய வேண்டாம் என்று ஆடிட்டர் சொன்னார் என்பதுதான். அதை அவரே பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தால்தான் மதிப்பு. கேட்டபோது முகம் சுருங்கிப்போனது அவருக்கு. என் பேர் கெட்டுவிடும் டீச்சர் என்றார். எனக்கும் சங்கடம், என் கணவர் இறந்தபோது முதலில் ஓடி வந்தவர்களில் அவரும் ஒருவர். மூன்று வாரம் கழித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பழைய பேச்சு இல்லை. வக்கீலோ ஆடிட்டரோ எதுவும் செய்ய வேண்டாம் என்று சொன்னால், அதை ஒரு மின்னஞ்சலாக அனுப்பச் சொல்லுங்கள். அவரைச் சந்தேகப்படுவதாக அர்த்தம் இல்லை. எழுதும்போது அவரே கெடுவை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

பிப்ரவரி 6 அன்று தீர்ப்பாய அமர்வு எங்கள் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, தேதிவாரியாக விளக்கும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யும்படி துறைப் பிரதிநிதியிடம் சொன்னது. ஏப்ரல் 16 அன்று இன்னும் வரவில்லை என்று மறுபடி வாய்தா. ஜூன் 11 அன்று வந்தது. புதுப் பத்திரத்தில் கொரோனா இல்லை. செப்டம்பர் 30 என்பது கோப்பு அந்த அலுவலகத்துக்கு வந்த தேதி என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். கணினியில் எப்போது வந்தது என்பதற்குப் பதில் இல்லை, அந்த 78 நாளுக்கும் பதில் இல்லை. துறைப் பிரதிநிதி 1987-ஆம் ஆண்டின் காதிஜி தீர்ப்பைப் படித்தார். தாமதத்தைத் தாராளமாகப் பார்க்க வேண்டும், அரசாங்கம் என்பதற்காக மாற்றாந்தாய் மனப்பான்மை கூடாது என்று சொல்லும் தீர்ப்பு அது. மேடம் எழுந்து, அந்த வழக்கில் தாமதம் 4 நாள் என்றார். பிறகு 2012-இல் அஞ்சல் துறையின் 427 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்த லிவிங் மீடியா வழக்கையும், 2020 அக்டோபரில் மத்தியப் பிரதேச அரசின் 663 நாள் தாமதத்துக்கு 25 ஆயிரம் ரூபாய் செலவுத் தொகை விதித்த பேருலால் வழக்கையும் காட்டினார். கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது என்ற விளக்கத்தை இந்தக் காலத்துத் தொழில்நுட்பத்துக்கு நடுவே ஏற்க முடியாது என்று லிவிங் மீடியாவில் சொல்லியிருக்கிறார்கள். இதே வரிசையில் 2025 செப்டம்பரிலும் ஒரு தீர்ப்பு வந்தது: கர்நாடக வீட்டுவசதி வாரியத்தின் 3,966 நாள் தாமதத்தை உயர் நீதிமன்றம் மன்னித்திருந்ததை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இப்போது வழக்கில் இருப்பவர்கள் அதையும் வக்கீலிடம் காட்டலாம்.

அப்புறம் நான் பயந்த கேள்வி வந்தது. உறுப்பினர் ஒருவர் மேடத்தைப் பார்த்து, உங்கள் மனுவும் 126 நாள் தாமதம் அல்லவா, அவர்களுக்கு ஓர் அளவுகோல் உங்களுக்கு ஓர் அளவுகோலா என்று கேட்டார். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறோம் என்பது எனக்கே தெரிந்தது. மேடம் ஐந்து நிமிஷம் அவகாசம் கேட்டு என்னை வெளியே கூட்டி வந்தார். வராந்தாவில் வைத்து நிலைமையைச் சொன்னார். எங்கள் தாமதத்தை மன்னியுங்கள் என்று அழுத்தினால், இரண்டு பக்கத்தையும் மன்னித்து வழக்கை முழுதாக விசாரிக்கலாம் என்று அமர்வு நினைக்கக்கூடும். அப்போது 51 லட்சமும் மறுபடி ஆபத்தில். கிராஸ் அப்ஜெக்ஷனைத் திரும்பப் பெற்றால், அவர்கள் தாமதம் மட்டும் தனியாக நிற்கும். ஒருவேளை மன்னித்துவிட்டாலும், தீர்ப்பாய விதிகளில் 27-ஆவது விதிப்படி, கீழே நமக்கு எதிராக முடிவான விஷயத்தையும் எடுத்துச் சொல்லி, கிடைத்த உத்தரவைக் காப்பாற்றிக்கொள்ளலாம். கணக்கைத் திறந்ததே தவறு என்பதை அப்படிச் சொல்லலாம். ஆனால் கிடைத்ததற்கு மேல் ஒரு பைசா கேட்க முடியாது. முடிவு உங்களுடையது டீச்சர் என்றார். கேட்க யாரும் இல்லை. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன், தெரியவில்லை. திரும்பப் பெற்றுவிடுங்கள் என்று சொன்னேன். கெடுவுக்குள் போட்டிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஜெயித்திருப்பேனா என்று தெரியாது, ஆனால் அந்த 12 லட்சத்து 40 ஆயிரத்துக்காக வாதாடும் உரிமையை அந்த வராந்தாவில் நான் விட்டுக்கொடுத்தேன். இன்றும் அது மனதில் உறுத்துகிறது.

2024 ஜூலை 12 அன்று உத்தரவு வந்தது. ஆறு பக்கம். ஜூன் 24-ஐத்தான் கிடைத்த தேதியாக எடுத்துக்கொண்டு, கெடுவுக்குள் எந்த முயற்சியும் காட்டப்படவில்லை, கையெழுத்துக்குப் பிந்தைய 78 நாளுக்கு விளக்கம் இல்லை என்று குறிப்பிட்டு, காலம் கடந்த அப்பீல் என்று தள்ளுபடி செய்திருந்தார்கள். உடனே துள்ளிக் குதிக்க முடியாது. உயர் நீதிமன்றத்துக்குப் போக அவர்களுக்கு 120 நாள் உண்டு. உத்தரவில் பிழை இருக்கிறது என்று தீர்ப்பாயத்திலேயே மனு போட, அந்த மாதம் முடிந்து ஆறு மாதம் உண்டு. 2025 ஜனவரி 31 வரை ஞாயிறுதோறும் இரண்டு இணையதளத்திலும் அவர் பெயரையும் என் பெயரையும் போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்.

செலவைச் சொல்கிறேன். வக்கீல் கட்டணம் 90 ஆயிரம், ஆடிட்டருக்கு 25 ஆயிரம், நோட்டரி, நகல், போக்குவரத்து என்று ஐந்தாயிரத்துக்குள், பள்ளியில் ஒன்பது நாள் விடுப்பு. அதிகமாகக் கட்டிய பணம் மாதம் அரை சதவீத வட்டியோடு 3 லட்சத்து 65 ஆயிரமாக 2025 மார்ச்சில் வந்தது. அதற்கும் ஒரு மாதம் அலைந்தேன், என் கணவரின் வங்கிக் கணக்கு மூடப்பட்டிருந்ததால். இறந்தவர் பெயரில் வரி வழக்கு நிலுவையில் இருந்தால், வாரிசின் கணக்கைப் போர்ட்டலில் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வந்த பணத்தில் 3 லட்சத்தை எடுத்துக்கொண்டு முலுண்டில் இருக்கும் அவர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். 2017-இல் வாங்கிய கைமாற்றில் பாக்கி அவ்வளவுதான். அவர் எண்ணிப் பார்க்காமல் வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்தார், அக்கா காபி போடப் போனார்கள்.